இரண்டாவது பொட்டலம்

அன்று காலை ஏரிக்கரை மாரியம்மன் கோயிலில் இருந்தவர்கள்:

வீடு வாங்க வந்த ஜீவானந்தம், மேட்டூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ராசாத்தி. ராசாத்தியின் அண்ணன் மருதாசலம், எதற்கும் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்புறம் யோசிப்பவர். வீட்டைக் கட்டி விற்கும் செங்கோடன், பல வருடம் ரிக் வண்டி வைத்து வடக்கே ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டவர். பூசாரி வீரன். செங்கோடனுக்கு வீடு விற்றுத் தரும் சௌமியா.

அம்மனையும் சேர்த்தால் ஏழு பேர். அம்மனைக் கணக்கில் சேர்க்காதவள் அங்கே ஒருத்திதான்.

மல்லசமுத்திரத்தைத் தாண்டி, மரவள்ளிக் காடு ஒன்றைச் சமப்படுத்தி, செங்கோடன் வரிசையாக ஐந்து வீடுகள் கட்டியிருந்தார். மூன்றில் ஆள் குடியேறிவிட்டார்கள். முதல் வீடு, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கான மாடல் வீடு. மிஞ்சியது நாலாம் நம்பர். அதற்குத் தெற்கு வாசல். பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே வெயிலைப் பார்த்துத் திசையைக் கணக்குப் போட்டுவிடுவார்கள். உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சமையலறை சின்னது என்று பொய் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

மாடல் வீட்டின் பின்னறையில் சௌமியாவும் மகள் மோனிஷாவும் இருந்தார்கள். வேலையோடு சேர்ந்து கிடைத்த இடம். அதற்கு முன்னால் சௌமியா நூல் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்தாள். மில் விடுதியில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். புருசன் விட்டுப் போனதிலிருந்து மோனிஷா அம்மாபேட்டையில் பெரியம்மா வீட்டில் கிடந்தாள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு சௌமியா போய்ப் பார்த்துவிட்டு வருவாள். போகப்போக அந்தப் பிள்ளை அவளைக் கண்டதும் எழுந்து நிற்க ஆரம்பித்தது, விருந்தாளி வந்தால் எழுந்து நிற்பதுபோல. செங்கோடன் இந்த அறையைக் கொடுத்த பிறகுதான் அம்மாவும் மகளும் ஒரே பாயில் படுத்தார்கள்.

அந்த வீட்டில் இருப்பதற்கு ஒரு முறை உண்டு. பால் காய்ச்சாத வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. பற்றவைத்தால் வாங்குகிறவர்களுக்கு அது பழைய வீடு. அதனால் சமையல், வெளியே சிமெண்டு மூட்டை அடுக்கும் கொட்டகையில். வீடு பார்க்கப் பார்ட்டி வருகிறது என்று போன் வந்தால் பாய், துணிமணி, புத்தகப் பை எல்லாம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடும். மோனிஷா பின்கதவு வழியாக வெளியேறி யாரோ போல ரோட்டில் நிற்பாள். ஒருமுறை ஒரு பார்ட்டி விசாரித்தபோது, "நான் பக்கத்து ஊடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனி பிறந்ததும் செங்கோடன் சைட்டுக்கு வந்தார். பைக்கை விட்டு இறங்காமலே சொன்னார்.

"அம்மிணி, ஆடி பொறந்துட்டா எவனும் ஊட்டுப் பேச்சு எடுக்க மாட்டான். அதுக்குள்ள நாலாம் நம்பரை முடிச்சாத் தேவல. இல்லீன்னா சேலத்துக் கம்பெனிக்காரன்கிட்ட எல்லாத்தையும் ஒப்படைச்சர்றேன். அவன் அவன்ர ஆளைக் கொண்டாந்து வெச்சுக்குவான்."

"அப்ப நானுங்கண்ணா?"

"அதான் சொல்றனே, முடிச்சுக் குடு. முடிச்சுட்டீன்னா அடுத்து ராசிபுரத்து சைட்டு. அங்கயும் உனக்கொரு ஊடு."

மிரட்டலாகச் சொல்லவில்லை. சாயங்காலம் மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

நாலாம் நம்பருக்கு என்று மிஞ்சியிருந்த ஒரே பார்ட்டி ராசாத்தி. அவளைச் சௌமியா மாதக்கணக்கில் வளர்த்தாள். வளர்த்தாள் என்பதுதான் சரியான வார்த்தை. போன் பண்ணினால் வீட்டைப் பற்றிப் பேசமாட்டாள். முட்டி வலி எப்படி இருக்கிறது என்பாள். சேலத்து எலும்பு டாக்டரிடம் கூடவே போய், டோக்கன் நம்பர் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கொட்டகை ஓரத்து முருங்கையில் கீரை ஒடித்து பஸ்ஸில் மேட்டூர் வரைக்கும் கொண்டுபோனாள். மருமகள் பேசாமல் இருக்கிற கதையை எத்தனை தடவை சொன்னாலும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டாள். இதில் எது வேலை, எது பாசம் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. ராசாத்தியின் முட்டிக்கு எண்ணெய் தேய்க்கும்போது அவள் மனசில் நாலாம் நம்பரும் இருந்தது, அந்த அக்காவும் இருந்தாள்.

ஜீவானந்தத்துக்கு வீடு பிடித்துப்போனது. ராசாத்திக்குத் தெற்கு வாசல் மட்டும்தான் தொண்டையில் நின்றது. கடைசியில் அவளே வழி சொன்னாள். "பூக் கேட்டுரலாஞ் சௌமியா. அம்மன் சரின்னா எனக்குஞ் சரி."

பூக் கேட்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. தனித்தனிப் பொட்டலமாக மடித்து, தட்டத்தில் அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. பெண் எடுப்பதற்குக் கேட்பார்கள், கிணறு வெட்டக் கேட்பார்கள். செங்கோடன் ரிக் வண்டியை வடக்கே ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கேட்டவர். எடுக்காமல் விட்ட பொட்டலத்தை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. பலிபீடத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். அது காய்ந்து காற்றோடு போகும்.

"பொட்டலத்தை ஆரு மடிக்கறது?" என்று கேட்டார் பூசாரி.

"நம்ம சௌமியா மடிக்கட்டுமுங்க" என்றாள் ராசாத்தி.

மருதாசலம் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏம்புள்ள, ஊடு விக்கறவங்க ஆளே மடிச்சா பூ எப்படிப் பேசும்? நல்லா இருக்குது உங்க நாயம்."

"அவ எனக்குத் தங்கச்சியாட்டங்ண்ணா. முட்டி வலின்னு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சனே, நீங்களா கூட வந்தீங்க?"

"நான் வந்திருந்தா முட்டியோட சேத்து உன்ர வாய்க்கும் ஒரு கட்டுப் போடச் சொல்லியிருப்பேன்."

"மச்சான், அத மட்டும் பண்ணியிருந்தீங்கன்னா உங்க பேர்லயே ஒரு ஊடு வாங்கியிருப்பனுங்க" என்றார் ஜீவானந்தம்.

எல்லோரும் சிரித்தார்கள். சௌமியாவும் சிரித்தாள். செங்கோடன் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "எங்க பாப்பா ஜெயப்பிரியா கல்யாணத்துக்குக் கேட்டப்பவும் அம்மிணிதானுங்க மடிச்சுது. நம்பலாமுங்க, நல்ல கை."

ராசாத்தி இரண்டு பூவையும் அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். கையை விட மனசில்லாமல் ஒரு நிமிடம் பிடித்திருந்தாள்.

யாரும் பார்க்காத இடத்தில் மடிக்க வேண்டும் என்பதால் சௌமியா கோயிலுக்குப் பின்னால் போனாள். அதுவரை அவள் மனசில் எதுவும் இல்லை. சுவரோரம் வெள்ளை அரளி ஆள் உயரத்துக்குப் பூத்து நின்றது. கையிலிருந்த இரண்டு பூவையும் பார்த்தாள். பாதிக்குப் பாதி. சிவப்பு வந்தால் சேலத்துக் கம்பெனிக்காரன் வருவான். அவள் மில் விடுதியில் இரும்புக் கட்டிலில் கிடப்பாள். மோனிஷா அம்மாபேட்டையில் அவளைக் கண்டு எழுந்து நிற்பாள். இத்தனை மாதமாக ஓடி, குனிந்து, கேட்டு, தேய்த்து, கடைசியில் ஒரு பூசாரியின் கை எந்தப் பக்கம் போகிறது என்பதில் வந்து நின்றுவிட்டது. அவளுக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

கையை நீட்டி ஒரு வெள்ளைப் பூவைப் பறித்தாள். சிவப்பை இடுப்பு மடிப்புக்குள் செருகினாள். பழைய பேப்பரைக் கிழித்து இரண்டு பொட்டலத்தையும் ஒரே அளவாக மடித்தாள்.

பூசாரி தட்டத்தைக் குலுக்கி, கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

ராசாத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஜீவானந்தம், "அப்பறமென்ன" என்றார்.

"என்ன அப்பறமென்ன?" என்றார் மருதாசலம். "தெக்கு வாசலுக்கு ஒரு தரங் கேட்டாப் பத்துமா? மூணு தரம் கேக்கோணும் மாப்ள."

பிரித்த பொட்டலத்தை மறுபடி மடிக்கச் சொல்லிச் சௌமியாவிடமே கொடுத்தார் பூசாரி. மடித்தாள். குலுக்கினார். எடுத்தார். வெள்ளை. மூன்றாவது தடவை பூசாரியின் கையே சற்றுத் தயங்கியது. அதுவும் வெள்ளை.

"ஆத்தா!" என்று ராசாத்தி அழுதுவிட்டாள். "மூணு தரமும் குடுத்துட்டாளே! தெக்கு வாசலாம், தெக்கு வாசல்."

மருதாசலம் அப்போதும் விடவில்லை. "ஏனுங்க பூசாரி, அந்த இன்னொண்ணையும் பிரிச்சுப் போடுங்களேன். கண்ணால பாத்தரலாம்."

சௌமியாவுக்குக் காதுக்குள் மில் மிஷின் ஓடுவதுபோல இரைந்தது. பூசாரியின் விரல் பொட்டலத்தின் மேல்தான் இருந்தது.

"அம்மன் வேண்டாம்னு ஒதுக்குனதப் பிரிச்சுப் பாக்கறதுக்கு நீங்க ஆருங்க?" என்றார் வீரன். "உங்க ஊர்ல அப்படிப் பண்ணுவீங்களாட்ட இருக்குது. இங்க ஆகாதுங்க."

"ஆகாதுங்க" என்று செங்கோடனும் சொன்னார்.

பூசாரி அதைக் கொண்டுபோய்ப் பலிபீடத்து ஓரத்தில் வைத்துவிட்டு வந்தார்.

டீ குடிக்க எல்லோரும் ரோட்டுக்கு நடந்தார்கள். ராசாத்தி சௌமியாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு முட்டி வலியே இல்லாதவள்போல நடந்தாள். கடையில் மருதாசலம் தனக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்து வடை சொல்லிக்கொண்டிருந்தார். சௌமியா டீ டம்ளரை அப்படியே பெஞ்சில் வைத்தாள். காற்றடித்தால் அந்தக் காகிதம் பிரியும். மாடு மேய்க்கிற யாராவது காலால் தட்டினாலும் போதும். செல்போனைக் கோயிலில் வைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

பலிபீடத்துக்குப் பக்கத்தில் செங்கோடன் நின்றுகொண்டிருந்தார். டீக்கடைக்கு அவர் வரவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொட்டலம் அவர் கையில் பிரிந்து கிடந்தது. நடுவில் வாடிய வெள்ளைப் பூ.

ஓடி வந்தவள் பலிபீடத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

"பிரிக்கப்படாதுங்கண்ணா அதை" என்றாள் அவள். வாயில் வந்தது அதுதான்.

"ஆமா. இத்தன வயசுக்கு இன்னிக்குத்தான் பிரிச்சிருக்கறேன்." அவர் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் தட்டத்தப் பாத்தாங்க. ஊடு வாங்கறவன் பாத்தான், விக்கற நானும் பாத்தேன். இது முடியலீன்னா உனக்குத்தான் போக்கிடம் இல்ல. ஆனா நீ ஏரியப் பாத்துட்டு நின்ன. மூணு தரமும். அந்தப் பெரிய மனுசன் இன்னொண்ணப் பிரிங்கன்னப்பதான் உனக்கு மூஞ்சி வெளுத்துது."

"அண்ணா..."

"எங்க பாப்பாவுக்குக் கேட்டப்ப?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போனாள். "ஐயோ இல்லீங்கண்ணா! அன்னிக்கு நீங்க குடுத்த பூவத்தானுங்க மடிச்சேன். எனக்கு அதுல என்னங்க இருக்குது? சத்தியமாங்கண்ணா."

"எந்தச் சாமி மேல?"

அவள் கை இடுப்பு மடிப்பில் இருந்த சிவப்புப் பூவுக்குப் போனது.

"அந்தப் பையன் வேண்டாம்னு எங்கூட்ல சொன்னா. என்ர தம்பி சொன்னான். நாந்தான், அம்மன் வெள்ளை குடுத்துட்டா, வாய மூடுங்கன்னேன்." பொட்டலத்தைக் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டார். "இப்ப நான் எதைன்னு நம்பறது?"

"நான் போயி ராசாத்தியக்காகிட்டச் சொல்லிர்றனுங்கண்ணா. கால்ல உழுந்து கேக்கறேன். மறுக்கா பூப் போடலாம். ஆரு வேணாலும் மடிக்கட்டும்."

"வேண்டாம்." அவர் சட்டென்று சொன்னார். "ஊடு முடிஞ்சது முடிஞ்சதுதான். அவிய மனசு நெறஞ்சு போறாங்க. அதுல போயி நீ மண்ணப் போடாத. எனக்கும் இத விட்டா வேற பார்ட்டி இல்ல."

"அப்பறம்?"

"நீ பொழுது உழுகறதுக்குள்ள காலி பண்ணிக்க. என்ர சைட்டுல இனி நீ வேண்டாம்."

அவளுக்குக் காலின் கீழே மண் சுட்டது. "அப்ப நாஞ் சொன்ன பொய்யி உங்களுக்கு வேணும். நான் மட்டும் வேண்டாங்களா?"

செங்கோடன் ஏரிப் பக்கம் பார்த்தார். தண்ணீர் நடுவில் மட்டும் கொஞ்சம் கிடந்தது.

"ஆமா" என்றார். "அப்படித்தான் வெச்சுக்கயேன்."

மத்தியானத்துக்கு மேல் சௌமியா பாயைச் சுருட்டினாள். சுருட்டியதைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தாள். எழுந்து மறுபடி சுருட்டினாள். தெரிந்த ஒவ்வொருவருக்கும் போன் பண்ணினாள். அம்மாபேட்டை அக்கா, "ரெண்டு பேருன்னா எப்படிடி? புள்ள மட்டும்னா பாக்கலாம்" என்றாள். மில் சூப்பர்வைசர், வந்தால் வேலை இருக்கிறது, பிள்ளையைக் கூட்டிவராதே என்றார். இரண்டும் அவளுக்கு முன்பே தெரிந்த பதில்கள். போன் பண்ணிக் கேட்டபோதுதான் அவை உண்மையாயின.

மோனிஷா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். கூடத்தில் பாத்திர மூட்டையும் துணி மூட்டையும் கிடப்பதைப் பார்த்ததும் புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே பின்கதவுப் பக்கம் போனாள்.

"பார்ட்டி வருதாம்மா? நான் ரோட்டுல நின்னுக்கறேன்."

"இல்ல சாமி. ஆரும் வரல." சௌமியா அவள் கையைப் பிடித்தாள். "நாமதான் போறோம்."

"எங்கம்மா?"

அந்தச் சமயத்தில் போன் அடித்தது. ராசாத்தி. எடுக்காமல் விட்டால் திரும்பத் திரும்ப அடிப்பாள் என்று தெரிந்து எடுத்தாள்.

"சௌமியா, ஊட்டுக்கு வந்து சேந்துட்டோம். எங்கண்ணன் வழி பூராவும் பேசவே இல்ல போ. மூணு தரம் வெள்ளையப் பாத்ததுல ஆளு ஒடுங்கிட்டாரு. கேளு, ஆவணியில பால் காச்சறோம். வெளக்க நீதான் ஏத்தோணும். என்ர மருமவ இல்ல, நீதான். உன்ர கையாலதான எல்லாம் கூடி வந்துச்சு. என்ன, பேச்சக் காணோம்?"

"கேக்குதுங்க்கா."

"வருவீல்ல?"

"வாரனுங்க்கா" என்றாள் சௌமியா. "கண்டிப்பா வாரனுங்க."

போனை வைத்ததும் சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். இந்த ஒரு குரலிடம் மட்டும் சொல்லிவிடலாம், இந்த அக்கா திட்டிவிட்டுச் சேர்த்துக்கொள்வாள் என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடியில் அது நடக்காது என்று தெரிந்தது. ராசாத்திக்குச் சொன்னால் அந்த வீடு ராசாத்தியின் கையைவிட்டுப் போய்விடும். அவளுக்கு அம்மன் போய்விடும், தங்கச்சியும் போய்விடுவாள். சௌமியாவுக்கு மட்டும் எதுவும் திரும்பக் கிடைக்காது. மகள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் சின்ன டெம்போ வந்தது. டிரைவர் மூட்டைகளை ஏற்றினான். பின்னாலேயே செங்கோடனின் பைக். அவர் உள்ளே வந்து பின்னறையை எட்டிப் பார்த்தார். சுவரில் மோனிஷா ஒட்டியிருந்த படத்தைப் பிய்த்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ஒரு வாரங்கண்ணா" என்றாள் சௌமியா. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இங்க உள்ளகூட வேண்டாங்க, சிமெண்டுக் கொட்டகையில படுத்துக்கறோம். ஆரு கண்ணுலயும் பட மாட்டோம். அவளுக்கு எப்படி ஒளியறதுன்னு நல்லாத் தெரியுமுங்க. ஒரு வாரத்துல ஏதாவது பாத்துக்கறேன்."

அவர் கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், பார்த்தார், மறுபடி உள்ளே வைத்தார்.

"பாப்பாவுக்குப் பேசுனேன்" என்றார். "நல்லா இருக்கறயா சாமின்னு கேட்டேன். கல்யாணம் பண்ணிக் குடுத்ததுல இருந்து அதக் கேக்கவே இல்ல நான். அம்மன் குடுத்த மாப்பிள்ளை, இதுல என்னத்தக் கேக்கறதுன்னு இருந்துட்டேன்."

"என்னங்க சொன்னாங்க?"

"ஒண்ணுஞ் சொல்லல." அவர் குரல் மாறவில்லை. "அழுவறா. போன வெக்காம அழுவறா."

அன்றைக்கு நான் சரியாகத்தான் மடித்தேன் என்று மறுபடி சொல்ல வாயெடுத்தாள். அது உண்மை. உண்மையாக இருந்து இனி யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. நிலையிலிருந்து கையை எடுத்தாள். சாவியைக் கொடுத்தாள். அவர் அவள் விரல் படாமல் வாங்கிக்கொண்டார்.

"போங்கம்மா" என்றார். இத்தனை நாளில் அவர் அவளை அம்மிணி என்று கூப்பிடாதது அதுதான் முதல் தடவை.

மோனிஷா பழக்கத்தில் பின்கதவுப் பக்கம் திரும்பினாள். சௌமியா அவள் தோளைப் பிடித்துத் திருப்பி முன்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். டிரைவர் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு, "எங்கீங்கக்கா போகோணும்? சேலம் ரோடா, திருச்செங்கோடு ரோடா?" என்று கேட்டான். அவள் மோனிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பின்னால் செங்கோடன் கதவை இழுத்துச் சாத்தினார். சாவியைப் போட்டுத் திருப்பி, பூட்டு விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.